நடை பழகும் குழந்தைக்குச் சாப்பாட்டு இருக்கை: வாங்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

குழந்தைக்கு ஒரு வயது நெருங்கும்போது வீட்டில் ஹை சேர் பேச்சு வந்துவிடும். இணையத்தில் தேடினால் வரிசை வரிசையாக வந்து நிற்கும்: சக்கரம் வைத்தது, மடக்கக்கூடியது, பிரித்தால் மேசையாகவும் நாற்காலியாகவும் ஆவது, சாய்த்தால் தொட்டில் மாதிரி ஆவது. குழம்பிப்போய் கடைசியில் அதிகம் பேர் நட்சத்திரம் போட்டதை வாங்குகிறோம். ஆறு மாதம் கழித்து அதன்மேல் துணி காய்கிறது.

பெரும்பாலும் நாற்காலியில் கோளாறு இருப்பதில்லை. வீடு சாப்பிடும் முறைக்கும் அந்த நாற்காலிக்கும் ஒத்துவரவில்லை, அல்லது குழந்தையின் உடம்புக்கு அது பொருந்தவில்லை. இந்த இரண்டையும் முதலில் பார்த்துவிட்டால் விலையும் நிறமும் தானாக முடிவாகிவிடும்.

முதலில் வீட்டைப் பாருங்கள்

உங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாடு எங்கே நடக்கிறது? டைனிங் டேபிளிலா, கூடத்தில் பாய் விரித்தா, ஆளுக்கொரு தட்டோடு சோபாவிலா? மேசை இருக்கிறது என்பதற்காக மேசை என்று சொல்லிவிடாதீர்கள். பல வீடுகளில் டைனிங் டேபிள் மேல் மிக்ஸி, மருந்து டப்பா, இஸ்திரி போட வேண்டிய துணி எல்லாம் இருக்கும், சாப்பாடு தரையில் நடக்கும்.

குழந்தை பெரும்பாலும் பார்த்துத்தான் சாப்பிடக் கற்கிறது. அப்பா ரசத்தை எப்படிப் பிசைகிறார், அக்கா அப்பளத்தை எப்படி நொறுக்குகிறாள் என்று எதிரே பார்க்க வேண்டும். எல்லாரும் கீழே இருக்க, அதை மட்டும் மேலே ஏற்றிப் பட்டை கட்டி வைத்தால், அது ‘இறக்கு, இறக்கு’ என்று கையை நீட்டத்தான் செய்யும். அதனால் தரையில் சாப்பிடும் குடும்பத்துக்குத் தரை இருக்கை, மேசையில் சாப்பிடும் குடும்பத்துக்கு மேசை உயர இருக்கை. சோபாவில் சாப்பிடும் குடும்பம், குழந்தை வந்த சாக்கில் கீழே இறங்கிவிடுவது நல்லது. மெத்தையில் இடுப்பு புதைந்து முதுகு வளைந்துவிடும். அந்த நிலையில் விழுங்குவது கடினம்.

குழந்தை தயாரா?

ஆறு மாதம் முடிந்ததும் தாய்ப்பாலோடு இணை உணவும் தொடங்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அந்த வயதில் தலை நிற்க வேண்டும், சிறிய ஆதரவோடு உட்கார வேண்டும், அவ்வளவு போதும். நாம் இங்கே பேசுவது ஒன்றிலிருந்து மூன்று வயது வரை. இந்தக் குழந்தைகள் நன்றாக உட்காருவார்கள். உட்கார்ந்த இடத்தில் இருக்க மாட்டார்கள், அதுதான் சிக்கல். ஒன்றரை வயதில் ஹை சேரில் எழுந்து நிற்கப் பார்ப்பார்கள். இரண்டு வயதில் தானே ஏறி உட்காருவேன் என்று அடம் வரும். அந்த வயதில் பட்டை கட்டுவதே சண்டையாகிவிட்டால் தாழ்வான நாற்காலிக்கு மாறும் நேரம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

குறைமாதத்தில் பிறந்தவர்கள், தசை இறுக்கமோ தளர்ச்சியோ உள்ளவர்கள், ஒரு வயதுக்குப் பிறகும் ஆதரவின்றி உட்கார முடியாதவர்கள் கதை வேறு. அவர்களுக்குக் கடை நாற்காலியை நாமே முடிவு செய்யக் கூடாது. குழந்தை மருத்துவரிடம் கேட்டு, உடலியக்கப் பயிற்சியாளரையோ உட்காருவது, சாப்பிடுவது போன்ற அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டையோ பார்த்துவிட்டு வாங்குங்கள். அரசு மருத்துவமனைகளோடு இணைந்த மாவட்ட ஆரம்ப இடையீட்டுச் சேவை மையங்களில் இதற்கான ஆலோசனை இலவசமாகவே கிடைக்கும்.

கால் எங்கே இருக்கிறது?

ஒரே ஒரு விஷயம் மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்: சாப்பிடும் குழந்தையின் பாதம் எதன்மீதாவது ஊன்றியிருக்க வேண்டும்.

நம்ப முடியவில்லையா? சமையல் மேடை மேல் ஏறி, காலைத் தொங்கவிட்டு, சாய்ந்துகொள்ளாமல் இரண்டு இட்லி சாப்பிட்டுப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் இடுப்பு நெளியும், கையை மேடையில் ஊன்றத் தோன்றும். குழந்தைக்கும் அதேதான். கால் தொங்கினால் உடம்பை நிமிர்த்தி வைப்பதிலேயே பலம் போகிறது. மெல்லவும் கையால் அள்ளவும் மிச்சம் இருப்பது குறைவு. அதனால் நெளிகிறது, சரிகிறது, ஒரு காலை மடக்கி மேலே போட்டுக்கொள்கிறது. நாம் ‘சாப்பாட்டில் கவனமே இல்லை’ என்கிறோம்.

பார்க்க வேண்டிய நிலை இது. இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் ஏறக்குறைய செங்கோணத்தில் மடங்கியிருக்க வேண்டும். முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும். தட்டு வைக்கும் பலகை முழங்கை உயரத்தில், அதாவது தொப்புளுக்கும் மார்புக்கும் நடுவில் வர வேண்டும். பலகை கழுத்தருகே வந்தால் குழந்தை தோளைத் தூக்கிக்கொண்டு சாப்பிடும், சீக்கிரம் களைத்துப்போகும். நம் ஊரில் விற்கும் பல ஹை சேர்களில் இந்தக் குறை உண்டு.

ஒரு தையல் டேப் எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தையைச் சுவரோரமாக ஒரு தடித்த புத்தக அடுக்கின் மேல் உட்கார வைத்து மூன்று அளவு எடுங்கள்:

1. குதிகாலிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை. இருக்கைக்கும் கால் வைக்கும் பலகைக்கும் இடைவெளி இதுதான்.
2. முதுகிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை. இதில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் கழித்தால் இருக்கையின் ஆழம் கிடைக்கும். ஆழம் இதைவிட அதிகமென்றால் முதுகுக்குப் பின்னால் ஒரு துண்டைச் சுருட்டி வைக்கலாம்.
3. உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து மடக்கிய முழங்கை வரை. இருக்கைக்கு மேல் தட்டு இவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும்.

இரண்டு வயதுக் குழந்தைக்கு முதல் அளவு சுமார் 20 சென்டிமீட்டரும் மூன்றாவது சுமார் 15 சென்டிமீட்டரும் வரலாம். உங்கள் குழந்தையின் அளவே கணக்கு, இது ஒரு அடையாளத்துக்கு. சாதாரண டைனிங் டேபிள் தரையிலிருந்து 75 சென்டிமீட்டர், நாற்காலி 45 சென்டிமீட்டர். முழங்கை மேசைக்கு எட்ட வேண்டுமென்றால் குழந்தை உட்காரும் இடம் 60 சென்டிமீட்டரில் இருக்க வேண்டும். அதாவது நாற்காலி மேல் இன்னும் 15 சென்டிமீட்டர் ஏற்ற வேண்டும். பூஸ்டர் (நாற்காலி மேல் வைத்துக் கட்டும் குட்டி இருக்கை) வாங்கும்போது பெட்டியில் போட்டிருக்கும் உயரத்தை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எந்த வகை யாருக்கு?

தரையிலிருந்தே தொடங்கலாம். அதைத்தான் பலர் ‘வசதி இல்லாதவர்கள் செய்வது’ என்று ஒதுக்கிவிடுகிறார்கள். தரையில் உட்கார்ந்த குழந்தை விழ இடமில்லை. காலும் தொடையும் தரையில் படிந்திருப்பதால் பிடிமானம் இயல்பாகவே இருக்கிறது. பரணில் கிடக்கும் மணையை இறக்கித் துடைத்தால் இருக்கை தயார். மணை இல்லையென்றால் போர்வையை இறுக்கமாக மடித்து வையுங்கள். பின்பக்கம் நாலு விரற்கடை உயர்ந்தால் சம்மணம் போடும்போது முதுகு தானாக நிமிரும். குறை ஒன்றுதான்: தட்டைத் தரையில் வைத்தால் குழந்தை குனிந்து குனிந்து எடுக்க வேண்டும். தட்டின் கீழே ஒரு அகலமான மணையையோ, 12 முதல் 15 சென்டிமீட்டர் உயரமுள்ள முக்காலியையோ வைத்தால் தீர்ந்தது. முக்காலி ஆடாமல் இருக்க வேண்டும், அடியில் ரப்பர் ஒட்டினால் நல்லது. குழந்தை முழங்காலை உள்ளே மடித்து, பாதங்களை இரண்டு பக்கமும் விரித்து உட்கார்ந்தால் அந்த நிலையிலேயே விட்டுவிடாதீர்கள். காலை முன்னே நீட்டவோ சம்மணம் போடவோ மாற்றிவிடுங்கள்.

தரையின் உண்மையான சிரமம், எழுந்து ஓடுவது. அதற்கு நாற்காலி மருந்தல்ல, பழக்கம்தான். பின்னால் வருகிறேன்.

தனி ஹை சேர் மேசை வீட்டுக்கு ஏற்றது, ஒரு வயதிலிருந்து இரண்டரை வரை நன்றாக உழைக்கும். வாங்கினால் கால்கள் இருக்கையைவிட அகலமாகப் பரந்து நிற்பதாக, மெத்தை இல்லாததாக, கால்பலகை உள்ளதாக வாங்குங்கள். கால்பலகை ஏறி இறங்கும் வகை கிடைத்தால் விடாதீர்கள். இந்த யோசனையைப் பிரபலமாக்கியது ஸ்டோக்கே நிறுவனத்தின் ட்ரிப் ட்ராப் நாற்காலி. நார்வே வடிவமைப்பாளர் பீட்டர் ஓப்ஸ்விக் 1972-ல் உருவாக்கியது. இருக்கைப் பலகை, கால்பலகை இரண்டையும் பள்ளங்களில் நகர்த்திக் குழந்தை வளர வளர மாற்றிக்கொள்ளலாம். விலை நமக்குக் கட்டுப்படியாகாது, ஆனால் அதே முறையில் செய்த மலிவான மர நாற்காலிகள் இப்போது வருகின்றன. நேரெதிர் உதாரணம் ஐக்கியாவின் ஆன்டிலாப். எளிமை, விலை குறைவு, ஒரு துணியால் துடைத்தால் பளிச்சென்று ஆகிவிடும், ஆனால் அடிப்படை மாடலில் கால்பலகை கிடையாது. இப்படிப்பட்ட நாற்காலிக்குத் தனியாகக் கால்பலகை வாங்கி, நாற்காலியின் காலிலேயே இறுக்கிப் பொருத்த வேண்டும். கீழே தனி ஸ்டூலை வைத்துவிடாதீர்கள். குழந்தை அதை உதைத்து எழும்பும்போது நாற்காலி பின்னால் சாயலாம்.

பூஸ்டர், சின்ன ஃபிளாட்டுக்கு என் முதல் தேர்வு. டைனிங் நாற்காலி மேல் பட்டையால் கட்டுவது, இடத்தை அடைக்காது, ஊருக்கு எடுத்துப்போகலாம். பல பூஸ்டர்களில் குழந்தையின் பாதம் கீழே உள்ள நாற்காலியின் இருக்கையிலேயே ஊன்றிக்கொள்ளும், அது ஒரு வசதி. ஆனால் எந்த நாற்காலியில் கட்டுகிறீர்கள் என்பதுதான் முக்கியம். நாலு கால் ஊன்றிய கனமான மர நாற்காலிக்குச் சரி. வாசலில் போடும் லேசான பிளாஸ்டிக் நாற்காலி, மடக்கு நாற்காலி, சுழல் நாற்காலி மூன்றிலும் கட்டவே கூடாது. மேசையைக் காலால் ஒரு உதை உதைத்தால் நாற்காலியோடு மல்லாந்துவிடும். மர நாற்காலியாக இருந்தாலும் முதுகுப் பக்கம் சுவரை ஒட்டி வைத்தால் சாய இடமிருக்காது.

மேசை விளிம்பில் கொக்கி போட்டு மாட்டும் இருக்கை பார்க்க அழகாக இருக்கும். நம் வீடுகளில் கண்ணாடி மேசை அதிகம், அதில் மாட்டவே கூடாது. நடுவில் ஒற்றைக் கால் உள்ள மேசை, சுவரில் மடக்கும் மேசை, பிளாஸ்டிக் விரிப்பு போட்ட மேசை எல்லாமே ஆகாது. எடை வரம்பையும் பாருங்கள். பல மாடல்களுக்கு 15 கிலோதான். மூன்று வயதுக் குழந்தை சராசரியாக 14 கிலோ இருக்கும்.

தாழ்வான குட்டி மேசை நாற்காலி, ஒன்றரை வயதுக்கு மேல் அருமையானது. தானே உட்காரும், தானே எழும். பெரியவர்கள் தரையில் உட்கார்ந்தால் கண்ணுக்குக் கண் நேராக வரும். கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் செட்டுகளில் மேசை பெரும்பாலும் உயரம் அதிகம். பழக்கமான ஆசாரி இருந்தால் மேலே எடுத்த மூன்று அளவுகளைக் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். நாற்காலியின் உயரம் முதல் அளவு, மேசையின் உயரம் முதலாவதும் மூன்றாவதும் சேர்ந்தது. மூலைகளை உருட்டச் சொல்ல மறக்காதீர்கள்.

வேண்டாதவையும் உண்டு. கரடி, யானை முகம் வைத்த பஞ்சு சோபா சீட் சாப்பாட்டுக்கு ஆகாது. இடுப்பு புதையும், சாம்பார் பட்டால் தோய்க்கவும் முடியாது. பம்போ வகை ஃபோம் இருக்கைகள் சில மாதக் குழந்தைக்கானவை. அவற்றை மேசை மேல் தூக்கி வைத்துக் குழந்தைகள் விழுந்து தலையில் அடிபட்டதால் அமெரிக்காவில் 2007-ல் எச்சரிக்கை வந்தது. 2012-ல் சுமார் 40 லட்சம் இருக்கைகளைத் திரும்ப அழைத்து, இடுப்புப் பட்டை கொடுத்தார்கள். வாக்கரில் வைத்து ஊட்டுவது இன்னும் மோசம். கனடா 2004-லேயே வாக்கர் விற்பனையைத் தடை செய்துவிட்டது. நகரும் இருக்கையில் வாயில் சோற்றோடு ஒரு குழந்தை, வேண்டவே வேண்டாம்.

கடையில் செய்ய வேண்டியது

குழந்தையை உடன் அழைத்துப்போங்கள். உட்கார வைத்துப் பட்டையைப் போடுங்கள். இடுப்புப் பட்டையோடு இரண்டு காலுக்கும் நடுவே வரும் பட்டையோ தடுப்போ இருக்க வேண்டும். இது இல்லாவிட்டால் குழந்தை பலகைக்குக் கீழே நழுவி, கழுத்து மாட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. தட்டுப்பலகை பிடித்துக்கொள்ளும் என்று நம்பாதீர்கள், அது தட்டு வைக்க மட்டும்தான். எழுந்து நிற்கும் குழந்தைக்குத் தோளிலும் வரும் ஐந்து முனைப் பட்டை நல்லது. அப்புறம் நாற்காலியின் மேல் விளிம்பைப் பிடித்து நாலு பக்கமும் ஆட்டிப் பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். சக்கரம் உள்ளதென்றால் பூட்டு ஒவ்வொன்றும் பிடிக்கிறதா பாருங்கள். சாயும் வசதி இருந்தால் அதற்கென்று கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். சாய்ந்த நிலையில் திட உணவு கொடுக்கக் கூடாது, புரையேறும்.

அடுத்து விரல் சோதனை. இருக்கையின் மூலைகள், பட்டை நுழையும் துளைகள், தட்டுப்பலகையின் அடிவிளிம்பு மூன்றிலும் விரலை ஓட்டிப் பாருங்கள். விரல் நுழைந்து துடைக்க முடியாத இடுக்கு எதுவோ, அங்கேதான் பருப்பு சாதம் குடியேறும். மெத்தை உறையின் தையலில் ஒரு பருக்கை நுழைந்தால் போதும், காலையில் எறும்பு வரிசை கட்டியிருக்கும். தயிர் சாதம் ஊறிய நைலான் பட்டை இரண்டு நாளில் புளித்து நாறும். பட்டையைக் கழற்றித் தோய்க்க முடிகிறதா என்று கேட்டு, கடையிலேயே கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

உறவினர் கொடுக்கும் பழைய நாற்காலியைத் தாராளமாக வாங்கிக்கொள்ளலாம். மொட்டை மாடி வெயிலில் கிடந்த பிளாஸ்டிக்கா என்று மட்டும் பாருங்கள், அது நொறுங்கும். கொக்கி ‘டக்’கென்று பூட்ட வேண்டும். பட்டை போனால் மாற்றலாம். தட்டுப்பலகையைப் பிடிக்கும் பல் உடைந்திருந்தால் அன்போடு மறுத்துவிடுங்கள்.

வீட்டில் முதல் வாரம்

நாற்காலியை அடுப்பு, மிக்ஸி வயர், ஜன்னல் திரைக் கயிறு எதுவும் கைக்கெட்டாத இடத்தில் போடுங்கள். அடியில் பழைய வேட்டி ஒன்றை விரித்துவிட்டால் தரை துடைக்கும் வேலை பாதி. முதல் நாளே முழுச் சாப்பாட்டை அதில் வைத்து முடிக்க நினைக்காதீர்கள். நீங்கள் சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு ஸ்பூனும் அரை இட்லியும் கொடுங்கள். ஐந்து நிமிடம் இருந்தால் போதும். நாளுக்கு நாள் நேரம் தானாகக் கூடும். கூடினாலும் அரை மணி நேரத்துக்கு மேல் இழுக்க வேண்டாம்.

உட்கார மறுத்து விறைத்துக்கொண்டால் ‘அடம்’ என்று முடிவு கட்டும் முன் காலையும் பலகையையும் பாருங்கள். தொடையைப் பட்டை கவ்வுகிறதா, பாதம் தொங்குகிறதா, பலகை வயிற்றை அழுத்துகிறதா? இவை எல்லாம் சரி, அப்படியும் எழுந்தால் சாப்பாடு முடிந்தது என்று தட்டை எடுத்துவிடுங்கள். சாப்பாடு அந்த இடத்தில் மட்டும்தான், தட்டு தன் பின்னால் ஓடி வராது என்பது சில நாளில் புரிந்துவிடும். தரையில் எழுந்து ஓடும் குழந்தைக்கும் இதே வைத்தியம்தான்.

பெரிய சோதனை வீட்டுப் பெரியவர்கள். “இதுல கட்டிப் போடுறதுக்கு, இடுப்புல வச்சுட்டு வாசல்ல நின்னா ரெண்டு காக்காவைக் காட்டி ஒரு கிண்ணம் ஊட்டிடுவேனே” என்பார் மாமியார். உண்மைதான், ஊட்டிவிடுவார். ஆனால் காகத்தைப் பார்த்து வாயைப் பிளக்கும் குழந்தைக்கு வாயில் என்ன இருக்கிறது என்பதே தெரியாது. நடந்துகொண்டே, சிரித்துக்கொண்டே சாப்பிடும்போதுதான் புரையேறுவது அதிகம். வாதம் செய்து ஜெயிக்க முடியாது. “அத்தை, நீங்க பக்கத்துல உக்காந்து உருட்டிக் கொடுங்க, அவன் எடுத்துச் சாப்பிடட்டும்” என்று அவர் கையிலேயே கிண்ணத்தைக் கொடுத்துவிடுங்கள். நாற்காலியில் போன் மாட்டும் தாங்கி இருந்தால் கழற்றி எறிந்துவிடலாம். இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் அறிவுரை.

எந்த இருக்கையாக இருந்தாலும் சாப்பிடும் குழந்தையைத் தனியே விட்டுப் போகாதீர்கள். முழு நிலக்கடலை, முழுத் திராட்சை, கெட்டி முறுக்குத் துண்டு இவற்றை எவ்வளவு நேராக உட்கார வைத்தாலும் கொடுக்கக் கூடாது. திராட்சை என்றால் நீளவாக்கில் நறுக்குங்கள்.

வெளியே போனால்

ஓட்டல் ஹை சேர்களில் பட்டை அறுந்திருப்பது சகஜம். உட்கார வைக்கும் முன் கொக்கியைப் பாருங்கள், இல்லையென்றால் மடியே மேல். கல்யாணப் பந்தியில் நாற்காலி தாழ்வு, இலை உயரம். குழந்தை நாற்காலி மேல் நிற்கத்தான் பார்க்கும். நிற்க விடாதீர்கள், வாளியில் கொதிக்கும் சாம்பாரும் ரசமும் சரியாக அந்த உயரத்தில்தான் இலை இலையாக வரும். மடியில் பக்கவாட்டில் உட்கார வைத்து, உங்கள் இலைக்கு ரசம் ஊற்றி முடியும் வரை அதன் கை உங்கள் இடது கைக்குள் இருக்கட்டும். கூட்டம் அதிகமென்றால் முதல் பந்தியை விட்டுவிட்டுக் கடைசிப் பந்தியில் ஓரத்து இலையில் உட்காருங்கள். பரிமாறுபவர்களும் அப்போது அவசரப்பட மாட்டார்கள்.